மாரியின் ஒற்றைச் செருப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். வேலையில் இருந்தபோது கையெழுத்துப் போடுவதற்கும் கட்டில் சீட்டில் பெயர் பார்ப்பதற்கும் அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வரச் சொன்னார்கள். பத்துப் பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறதியும் வந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தேன். நம் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்போம். நான் சேர்ந்த புதிதில் என் தகப்பனார் வயதுள்ள ஒருவர், "ஆயா, தண்ணி குடு" என்றார். பின்னால் யாரோ வயதானவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது நிஜமாகவே அந்த வயது வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெட்பேன் வைப்பது, விரிப்பு மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. நாம் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்பது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் வார்டு சிஸ்டர். என்னைவிட வயதில் சின்னவர். தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் பேச்சு முதல் மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஒருநாள் ஒரு தாய் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறேழு வயதுப் பெண். காய்ச்சல், முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, போலியோவா" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். உள்ளே சீட்டு வாங்கப் போன தாய் அப்படியே பின்பக்கமாக வெளியே போய்விட்டாள். இளம்பிள்ளை வாதம் என்றால் ஊரில் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். மறுநாள் கிராமத்து நர்ஸம்மா தேடிப் போய்க் கூட்டி வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டில் வருகிற அழற்சி, இதயத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருந்து கொடுத்தார். அந்தப் பெண் மாதாமாதம் ஊசிக்கு வரும். வரும்போதெல்லாம் வாட்ச்மேனைப் பார்த்து நாக்கைத் துருத்தும்.

அன்றைக்கு சிஸ்டர் எங்கள் எல்லோரிடமும் சொன்னார். "நீங்க என்னத்தப் பாத்தியளோ அதச் சொல்லுங்க. காதுல என்ன விழுந்துச்சோ அதச் சொல்லுங்க. நோவுக்குப் பேரு மட்டும் வைக்காதீங்க. அது நம்ம வேல இல்ல."

அதற்குப் பிறகுதான் மாரி வந்தான்.

தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். அறுப்பு முடிந்து, அடுத்த நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காவாந்தண்டலம் தாண்டி ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு மாட்டுவண்டியில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது இருக்கும். கூலி வேலை செய்கிறவன், கட்டான உடம்பு. கூட அவன் மனைவி செல்லியும், செல்லியின் அப்பாவும். அந்தப் பெரியவர் பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறவர். சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

"வெடியக்கால எழுந்தா காலு வரலங்க. கட்டுவிரியன் தீண்டிகீது" என்றார் பெரியவர். "அது கடிச்ச எடம் தெரியாது. தூங்கறவன அப்பிடியே முடிச்சிடும். வேப்பில குடுத்துப் பாத்தேன். மூஞ்சியே சுளிக்கல. வெசம் ஏறிப்பூட்சி."

நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். விஷம் ஏறினவனுக்கு வேப்பிலை கசக்காது என்பார்கள். அதனால் இலையை வாயில் திணித்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். இன்னொன்று, தூங்கவிட மாட்டார்கள். தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள். செல்லி விடாமல் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்திருந்தாள். அவன் கன்னம் சிவந்திருந்தது.

"பாம்பு ஊசி இருந்தா ஒண்ணு போடுங்க. இட்டுகினு பூட்றோம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

டூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். ஆனால் நிதானமானவர். மாரியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். கையை மடக்கச் சொன்னார். சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் பேசியது பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது. "கண்ணு நல்லாத் தெறந்திருக்கு. விரியன்னா கண்ணு சொக்கணும். இது கால்லேர்ந்து மேல ஏறுற மாதிரி இருக்கு. ஆனா ராத்திரி நல்லா இருந்தவர் விடிஞ்சு விழுந்தார்னா பாம்பை எப்படி ஒதுக்கறது? எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியாத் தெரியணும் சிஸ்டர்."

பாம்பு என்றால் அங்கேயே மருந்து போட வேண்டும். இல்லை என்றால், அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் பலவீனம் நெஞ்சுக்கு ஏறிவிட்டால் மூச்சு நின்றுவிடும். மூச்சு விட வைக்கிற மெஷின் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. டாக்டர் மாரியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். சற்று நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொன்னார். இரண்டாவது தடவை முதலில் எண்ணிய அளவுக்கு எண்ண மூச்சு போதவில்லை.

டாக்டர் செல்லியிடம் கேட்டார். "எத்தனை நாளா இப்படி?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"ராத்திரி நல்லாத்தான் இருந்தாங்களா?"

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. பெரியவர்தான் பதில் சொன்னார். "அதான் சொன்னனே, விரியன்னு."

நான் மாரியின் வாயோரம் ஒழுகியிருந்த வேப்பிலைச் சாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ முனகினான். குனிந்து கேட்டேன். குரல் மூக்கால் வந்தது.

"தண்ணி. வாயெல்லாம் கசக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். மரப்பாச்சி மாதிரி அசையாமல் இருந்தது. நெற்றியும் சுருங்கவில்லை, உதடும் கோணவில்லை. கசப்பு தெரிந்திருக்கிறது. சுளிக்கத்தான் முடியவில்லை. அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கசக்கிறதா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

இதை நான் சொல்ல வேண்டுமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். வேப்பிலை சங்கதியைப் போய் டாக்டரிடம் சொன்னால் சிரிப்பாரோ என்று இருந்தது. சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. காதில் விழுந்ததைச் சொல். அவர் பக்கத்தில் போய், "சிஸ்டர், வாய் கசக்குதுன்னு சொல்றான். மூஞ்சிதான் அசையல" என்றேன்.

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மாரியிடம் வந்து, "கண்ணை இறுக்கி மூடுப்பா, பல்லைக் காட்டு" என்றார். அவனால் இரண்டுமே முடியவில்லை. டாக்டர் தலையசைத்தார்.

சிஸ்டர் என்னைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். "எக்கா, அந்தப் புள்ள எதையோ முழுங்குது. எங்க வெள்ளச் சட்டையப் பாத்து அதுக்கு வாயே வரல. நீ போயி பக்கத்துல சும்மா இரி. ஒண்ணும் கேக்காத."

சும்மா இருக்கச் சொன்னால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்லி கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் குந்தியிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். அவள் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நன்றாக உள்ளே தள்ளி வைத்தாள்.

"செருப்ப எதுக்குடி தூக்கினு வந்த" என்றேன்.

"வூட்ல வுட்டா நாய் இஸ்துகினு பூடும்க்கா."

"ஒண்ணுதான் கீது."

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டில் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"வலது காலுதுதான் பூட்சி. அன்னிக்கி ஏரிக்கர மேல வந்துச்சி அந்தாளு. ஒத்தச் செருப்போட வூட்டு வாசல்ல வந்து நிக்கிது. இன்னொண்ணு எங்கனு கேட்டா, குனிஞ்சி காலப் பாக்குது. அப்பதான் அதுக்கே தெரியுது. வெறுங்காலோட முள்ளு மேல நடந்தும் தெரியலக்கா. நான் சிரிச்சேன். பேமானி, செருப்பு வுழுந்தது கூடவா தெரியலன்னு."

"எப்ப இது?"

"சந்தைக்கி மொத நாளு."

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குச் சந்தை முடிந்து மூன்று நாளோ நாலு நாளோ ஆகியிருந்தது.

"அதுக்கு மின்ன எதுனா ஒடம்பு சொகமில்லாம இருந்துச்சா?"

"வயித்தால போயி நின்னுச்சி. அப்பறம் கால்ல எறும்பு ஓடற மாரி கீதுன்னுச்சி. நேத்து சைக்கிள்ள ஏற முடியல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, சொல்லிடாதக்கா."

"ஏன்டி?"

"பாம்புன்னா எங்கப்பன் கீறாரு. நோவுன்னா பட்டணத்துக்கு இட்டுகினு போவாங்க. அங்க எங்களுக்கு யாரு கீறா? எங்க அக்காவ அப்பிடித்தான் இட்டுகினு போனாங்க. எந்த ரூமுல வெச்சாங்கன்னே தெரியல. எங்க நின்னாலும் இங்க நிக்காத அங்க நிக்காதன்னு தொரத்துனாங்க. கடசியா மூஞ்சக்கூட பாக்கலக்கா."

புதிதாக வந்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இந்த ஜனங்கள் பொய் சொல்கிறார்கள், மறைக்கிறார்கள் என்று வார்டில் நீங்கள் நிறையக் கேட்பீர்கள். செல்லி மறைத்தாள்தான். புருஷன் மேல் அக்கறை இல்லாமலா மறைத்தாள்? பாம்பாக இருந்துவிட்டால் அவன் தன் கைக்குள்ளேயே இருப்பான் என்று நினைத்தாள். அவளைத் திட்டியிருந்தால் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கட்டச் சொல்லியிருப்பாள்.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கவும் முடியாது. அவளை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லவும் மனசு வரவில்லை. கட்டிலில் அவன் மூச்சு மேல்மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லாம இருக்க முடியாது செல்லி. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

"பட்டணத்துக்கு நீ வருவியா?"

அதுவரை நான் பட்டணம் பார்த்தவள் இல்லை. காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போனாலே கூட்டத்தைக் கண்டு ஓரமாக நிற்பவள். வருகிறேன் என்று என் வாய் சொன்னது. அதைக் கேட்டு அவளைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் முன்னால் அதை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டர் நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார். உடனே வேனை எடுக்கச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

ஆனால் பெரியவர் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "செருப்பு வுழுந்தா நோவா? எத்தினி பேர நான் எழுப்பி வுட்டுகீறேன். என் மாப்ளய நான் வுட்றுவனா?"

டாக்டர் கோபப்படவில்லை. "ஐயா, நீங்க எத்தனையோ கடி பார்த்தவர். அவரையே ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

பெரியவர் மடியிலிருந்து ஒரு வேப்பங்கொத்தை எடுத்தார். சிஸ்டர் அவர் கையைத் தடுத்தார். "மென்னு திங்கக் குடுக்காதீங்க தாத்தா, தொண்டையில அடைச்சுக்கிடும். நாக்குல தொட்டு மட்டும் காட்டுங்க." அவர் ஒரு இலையைக் கசக்கி மாரியின் நுனிநாக்கில் தடவினார். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாடா மாப்ள, எப்பிடி கீது?"

"கசக்குது மாமா. எத்தினி வாட்டிதான் குடுப்ப."

பெரியவர் நிமிர்ந்தார். இலையை மடியிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். "விரியன் இல்ல" என்றார். "இது எனக்குத் தெரியாத நோவு. இட்டுகினு போங்க." சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தெரியாது என்பதை அவ்வளவு நேராகச் சொன்ன வைத்தியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேனில் பின்பக்கம் சிஸ்டர், செல்லி, நான். பாதி வழியில் மாரியின் உதடு நீலமாகத் தொடங்கியது. சிஸ்டர் மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி முகமூடியை வைத்து, அதோடு இருந்த ரப்பர் பையை அழுத்தினார். அழுத்தினால் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். அவர் கை ஓய்ந்தபோது பையை என்னிடம் கொடுத்துவிட்டு முகமூடியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாத எக்கா. நீ மூச்சு விடும்போது அவனுக்கும் விடு" என்றார். நான் இழுக்கும்போது அழுத்தினேன், விடும்போது விட்டேன். செல்லி அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் எந்தெந்த ஊர் வந்தது என்று கேட்டால் தெரியாது. நான் பார்த்தது அவன் நெஞ்சை மட்டும்தான்.

அங்கே வாசலிலேயே ஆட்கள் தயாராக இருந்தார்கள். மாரியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மெஷினில் போட்டார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள், பார்க்கலாம் என்றார்கள்.

சிஸ்டர் கிளம்பலாம் என்றார். எனக்குச் செல்லியின் அக்கா நினைவு வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள் சிஸ்டர் என்றேன். செல்லியை மெயின் கேட்டுக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போர்டைக் காட்டி என்ன பிரயோஜனம். அதனால், கேட்டிலிருந்து உடைந்த சிமெண்டு பெஞ்சு, பெஞ்சுக்கு நேரே அரசமரம், மரத்தைத் தாண்டிக் குழாயடி, குழாயடிக்கு எதிரே படி, படி ஏறி இடது கையில் பச்சைக் கதவு என்று காட்டினேன். பிறகு அவளை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன். ஒருமுறை அரசமரத்தில் தப்பினாள். மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பித்தோம். தப்பாமல் பச்சைக் கதவுக்கு வந்து நின்றபோதுதான் காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது.

அந்த வார்டு ஆயாவிடம் போய் நானே பேசினேன். "இவ எங்க ஊருப் பொண்ணு. தொரத்தாதம்மா. எதுனா ஒண்ணுன்னா இவகிட்டயே சொல்லு."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா, ஆயாவா?"

"ஆமா."

"அப்ப செரி. உக்காரச் சொல்லு" என்றார்.

மாரி அங்கே வெகுநாள் இருந்தான். அது நரம்பில் வருகிற அழற்சியாம். வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது வந்து போன பிறகு, கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் சக்தி தன் நரம்பையே தாக்கிவிடுமாம். சின்னப் பிள்ளைக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். கில்லன் பாரி என்று என் காதில் விழுந்தது. மூச்சு மட்டும் தப்பிவிட்டால் முக்கால்வாசிப் பேர் மெல்ல மெல்லத் தேறிவிடுவார்களாம். மேலே ஏறிய மாதிரியே கீழே இறங்கும் என்றார். அப்படித்தான் ஆனது. முதலில் மூச்சு, பிறகு முகம், பிறகு கை. கால்தான் கடைசி.

பாம்புக்கடி என்று யாராவது வந்தால் அலட்சியம் செய்யுங்கள் என்று இதை எழுதவில்லை. கடி என்று வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நான் சொல்வது நமக்கென்று உள்ள வேலையை. கஞ்சி ஊட்டும்போது மூக்கு வழியாக வந்தால், நேற்று கணீரென்று இருந்த குரல் இன்று இறங்கியிருந்தால், நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று கை ஊன்ற முடியாமல் இருந்தால், அதைக் கண்ட உடனே போய்ச் சொல்லுங்கள். சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் நடவு சமயத்தில் மாரி கோலூன்றிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கூடச் செல்லி. கையில் ஒரு தூக்கு நிறைய வயல் நண்டு. சிஸ்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு எட்டடி தள்ளி நின்றார். எல்லாம் உயிரோடு இருந்தன. மாரியின் காலில் புதுச் செருப்பு. பாதம் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று செல்லி பழைய புடவைக் கரையைக் கிழித்துக் குதிகாலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"இனிமே செருப்பு வுழுந்தா அந்தாளே சொல்லும்" என்றாள்.

பெரியவர் பின்னாலேயே வந்தார். "மாப்ள மொறச்சான்னா வேப்பங்கொத்தக் காட்டுவேன். அடங்கிடுவான்" என்றார். மாரி முகத்தைச் சுளித்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்து நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். ஒருவர் முகம் சுளித்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

இதைப் படிக்கிற சிஸ்டரோ டாக்டரோ யாராவது ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும். நோயின் பெயரை நான் தப்பாக எழுதியிருப்பேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு வந்த மூட்டுக் காய்ச்சலைப் பற்றி எழுதியதும் சரிதானா பாருங்கள். வருஷமும் முன்பின் இருக்கலாம். தொலைந்துபோனது வலது கால் செருப்பு என்று எழுதியிருக்கிறேன். ஒருவேளை இடதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதை மட்டும் டாக்டரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. காவாந்தண்டலம் ஏரிக்கரை மேல் காலை நேரத்தில் போனால் மாரி எதிரே நடந்து வருவான். நிறுத்திக் கேளுங்கள்.